பழைய கேசட்டுகளில் தொடருக்கு முன்னும் பின்னும் வரும் கம்பெனி லோகோக்களை வெட்டலாமா?

கெடிலக்கரை (கடலூர்) | சனி, இரவு 9.40

வணக்கம். 1988-லிருந்து 2001 வரை திருப்பாதிரிப்புலியூரில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தேன். கடையை மூடிய பிறகு வீட்டு மாடியில் சுமார் 300 கேசட் மிஞ்சின. வாடகைக்கு விட்ட சினிமா கேசட்டுகள் இல்லை. நானும் மனைவியும் டிவியிலிருந்து பதிவு செய்து வைத்தவை. தூர்தர்ஷன் நாடகங்கள், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், அப்புறம் சன் டிவி தொடர்கள்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயலில் மாடிக் கூரை பறந்துவிட்டது. மழை நேராக அட்டைப் பெட்டிகளின் மேல் கொட்டியது. காயவைத்து, பூஞ்சை துடைத்து, கடைசியில் பிழைத்தவை 140.

இந்தப் பொங்கலிலிருந்து அவற்றைக் கணினிக்கு மாற்றி வருகிறேன். 31 முடிந்துவிட்டது. தங்கை மகன் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்கிறான். விளம்பரம், தொடருக்கு முன்னால் சுழன்று வரும் கம்பெனி லோகோ, முடிவில் வரும் லோகோ எல்லாவற்றையும் வெட்டிவிடலாம், பார்க்கச் சுலபமாக இருக்கும், ஹார்ட் டிஸ்க்கில் இடமும் மிச்சம் என்கிறான். நானும் வெட்டத்தான் நினைக்கிறேன். 6 கேசட்டில் வெட்டியும் விட்டேன். ஆனால் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது. ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

வில்லியனூர்வாசி | சனி, இரவு 10.05

அண்ணே, தயங்காமல் வெட்டுங்கள். லோகோ என்பது கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை. நாடகம்தான் பண்டம். பண்டத்தைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருக்கும்போது பலகைக்கு எதற்கு இடம்?

வெளிநாட்டில் இது ஒரு தனி மோகமாக வளர்ந்திருக்கிறது, தெரியும். அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தின் டிவி பிரிவாக ஸ்கிரீன் ஜெம்ஸ் இருந்தது. 1965-ல் அவர்கள் வைத்த லோகோவில் கோடுகள் வந்து ஒரு சிவப்புப் புள்ளியைச் சுற்றி எஸ் எழுத்தாக வளையும். பின்னால் எரிக் சிடே என்பவரின் எலக்ட்ரானிக் இசை. அதைப் பார்த்து குழந்தைகள் பயந்தார்கள் என்று 'நரகத்திலிருந்து வந்த எஸ்' என்றே பட்டப்பெயர் வைத்து, 2010-ல் ராட்னி ஆஷர் அதைப் பற்றி ஒரு குறும்படமும் எடுத்தார். வயாகாம் நிறுவனத்தின் 1976 லோகோவுக்கும் இதேபோல ஒரு பயங்கரப் பெயர் உண்டு. அந்த ஏக்கம் அவர்களுடையது. தமிழ் டிவியில் அப்படி ஒரு மரபே கிடையாது. நம்மிடம் இருந்ததெல்லாம் சினிமா கம்பெனி முத்திரைதான். ஜெமினியின் ஊதுகுழல் இரட்டையர், கவிதாலயாவின் வள்ளுவர் சிலை. அவற்றைக் காப்பாற்ற சினிமா இருக்கிறது.

முத்தியால்பேட்டை | சனி, இரவு 11.20

கெடிலக்கரை சார், வெட்டாதீர்கள். ஏற்கெனவே வெட்டிய ஆறு கேசட்டையும் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் வடிவமைப்புப் பாடம் நடத்துகிறவள். இது எனக்குச் சோறு போடும் விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வில்லியனூர் தம்பி பெயர்ப்பலகை என்கிறார். எனக்கு அது வில்லங்கச் சான்றிதழ். ஒரு மனை வாங்கப் போனால் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம் இல்லையா? ஒரு டிவி தொடருக்கு அந்த வேலையைச் செய்வது கடைசியில் வரும் லோகோ வரிசைதான்.

உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க நடிகை லூசில் பாலும் அவர் கணவர் டெசி ஆர்னாஸும் 1950-ல் தொடங்கிய கம்பெனி டெசிலு. 1967-ல் அதை கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் வாங்கியது. பாரமவுண்ட் அப்போது அவர்கள் கையில் இருந்ததால் டெசிலு போய் பாரமவுண்ட் டெலிவிஷன் ஆயிற்று. ஸ்டார் ட்ரெக் தொடர் 1966-ல் டெசிலு பெயரில் தொடங்கி 1969-ல் பாரமவுண்ட் பெயரில் முடிந்தது. மூன்றே வருடம். கதையில் அந்த மாற்றத்துக்கு எந்தத் தடயமும் இல்லை. முடிவில் வரும் சில விநாடியில்தான் இருக்கிறது.

இன்னொன்று இதைவிட ருசியானது. 1970-ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் ஒரு விதி போட்டது. பெரிய நெட்வொர்க்குகள் பழைய தொடர்களை மறுஒளிபரப்புக்கு விற்கும் தொழிலை வைத்துக்கொள்ளக் கூடாது என்று. அதனால் சிபிஎஸ் அந்தப் பிரிவைத் தனியாகக் கழற்றிவிட்டது. 1971-ல் அப்படிப் பிறந்ததுதான் வயாகாம். சிபிஎஸ்ஸின் பழைய தொடர்கள் மறுஒளிபரப்பாகும்போது கடைசியில் வயாகாம் லோகோ வர ஆரம்பித்தது. 1994-ல் வயாகாம் பாரமவுண்டையே வாங்கியது. 2000-ல் சிபிஎஸ்ஸும் வயாகாமுக்குள் வந்து சேர்ந்தது. கழற்றிவிட்ட பிள்ளை வளர்ந்து வந்து தாய்வீட்டையே வாங்கிய கதை. வில்லியனூர் தம்பி பயங்கரப் பெயர் என்று ஒதுக்கிய அந்த 1976 லோகோ இந்தப் பத்திரத்தின் நடுப்பக்கம்.

பிற்காலத்தில் உரிமை வாங்கியவர்கள் பழைய லோகோவின் மேல் தங்கள் லோகோவை ஒட்டிவிடுவார்கள். அசல் எது என்பது அன்றைக்கே பதிவு செய்த வீட்டுக் கேசட்டில்தான் தெரியும். கம்பெனிக்காரர்கள் அழித்ததை வீட்டுக்காரர்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதை நாமே வெட்டலாமா?

உப்பளம் டிவி மெக்கானிக் | ஞாயிறு, காலை 6.15

நான் 1979-லிருந்து டிவி ரிப்பேர் பார்த்தவன். ஒரு சங்கதி சொல்கிறேன்.

வீட்டில் கேசட் பதிவு செய்கிறவர்கள் எப்போது பட்டனை அழுத்துவார்கள்? தொடரின் பாட்டு தொடங்கியதும் அழுத்துவார்கள். அதற்குள் முன்னால் வரும் லோகோ போய்விடும். முடிவில்? எழுத்து ஓட ஆரம்பித்ததுமே நிறுத்திவிடுவார்கள், டேப் மிச்சம் பிடிக்க. ஒரு இ-180 கேசட்டில் மூன்று மணி நேரம்தான், அதன் விலையும் அந்தக் காலத்தில் லேசில்லை. ஆகவே லோகோ முழுதாகப் பதிவான கேசட் குறைவு. கை மறந்து ஓடவிட்டதில்தான் கிடைக்கும். நூறு வீட்டில் நாடகம் இருக்கும், லோகோ நாலு வீட்டில் இருந்தால் அதிகம். எது அரிதோ அதைத் தூக்கி எறிவார்களா?

வில்லியனூர்வாசி | ஞாயிறு, காலை 8.30

மெக்கானிக் ஐயா, அரிதாக இருப்பதெல்லாம் உயர்ந்ததாகிவிடாது. பழைய பஸ் டிக்கெட்டும் அரிதுதான்.

அக்கா சொன்ன கம்பெனி வரலாற்றை மறுக்கவில்லை. ஆனால் அது பங்குச்சந்தை வரலாறு. அந்த விவரமெல்லாம் எழுத்தில் இருக்கிறது, படம் எதற்கு?

லோகோ விளம்பரம்தான் என்பதற்கு நல்ல சாட்சி அமெரிக்க டிவி நெட்வொர்க் என்பிசியின் மயில். 1956-ல் ஜான் கிரஹாம் வரைந்தது, 11 இறகு. என்பிசியின் தாய்க் கம்பெனி ஆர்சிஏ. அவர்கள் கலர் டிவிப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் மயில் சாம்பலாகத் தெரியும், பக்கத்து வீட்டுக் கலர் பெட்டியில் ஜொலிக்கும். மனைவி மக்கள் கேட்டுக் கேட்டு புதுப் பெட்டி வாங்கவைக்க வேண்டும். அதற்காகவே பிறந்த பறவை. இதற்கு நாம் ஏன் காவல் காக்க வேண்டும்?

எனக்கு வேறு ஒரு வருத்தம் இருக்கிறது. தொடர் முடிவில் எழுத்து ஓடுமே, கேமரா உதவியாளர், மேக்கப், லைட்மேன், எடிட்டர் என்று. அதை யாரும் காப்பாற்றச் சொல்லவில்லை. முதலாளியின் முத்திரைக்கு மட்டும் இத்தனை பேர் கொடி பிடிக்கிறீர்கள். வேலை செய்தவர்களின் பெயர்கள் ஓடட்டும், முத்திரையை வெட்டுங்கள் என்பதுதான் என் கட்சி.

தேவனாம்பட்டினம் | ஞாயிறு, காலை 9.10

வில்லியனூர் நண்பரே, பயம் அமெரிக்கக் குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தூர்தர்ஷன் லோகோ வரும்போது நான் வீட்டை விட்டு ஓடியிருக்கிறேன். ஐந்து வயது. இருட்டிய திண்ணை, தெருவில் ஒரே ஒரு டிவி, வெறும் திரையில் இரண்டு வளைவுகள் சுற்றிச் சுற்றி வரும், ஷெனாய் இழுக்கும். ஏதோ ஒரு கண் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். முழுவட்டம் சேர்ந்து நின்ற பிறகுதான் திரும்பி வருவேன். அழகாகவும் இருந்தது, அது வேறு விஷயம்.

எங்கள் கடற்கரையில் காற்று ஒத்துழைக்கும் நாட்களில் இலங்கை ரூபவாஹினி விழும். 1982-ல் தொடங்கிய நிலையம். மொழி புரியாத நேரத்திலும் அதன் லோகோ வந்துவிட்டால் "சிலோன் வந்துடுச்சு" என்று தெருவே கூடிவிடும். என்ன நிகழ்ச்சி என்று யாருக்குத் தெரியும்? லோகோதான் எங்களுக்குச் செய்தி.

அப்புறம் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை. அந்த அட்டை யாராவது பதிவு செய்து வைத்திருந்தால் சொல்லுங்கள், நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உப்பளம் டிவி மெக்கானிக் | ஞாயிறு, காலை 10.00

தேவனாம்பட்டினம் தம்பி தூர்தர்ஷன் லோகோவை எடுத்துவிட்டார், இனி நான் சும்மா இருக்க முடியாது.

அந்த வடிவத்தை வரைந்தவர் தேவாஷிஸ் பட்டாச்சார்யா. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்தவர். அங்கே வரைந்த பல வடிவங்களில் இதைத் தேர்ந்தெடுத்தவர் இந்திரா காந்தி. இசை ரவிசங்கரும் ஷெனாய் வித்வான் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து அமைத்தது. 1976 ஏப்ரல் 1, வானொலியை விட்டுத் தூர்தர்ஷன் தனியாகப் பிரிந்த அன்று முதன்முதலாக வந்தது. நம் சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிவிட்டது. லோகோவை விட நிலையம் ஏழரை மாதம் மூத்தது. கணினியெல்லாம் கிடையாது. வரைந்த படங்களைக் கேமராவுக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பி எடுத்தது.

இப்போது என் தொழில் சங்கதி. சென்னைக் கோபுரத்திலிருந்து புதுச்சேரி நேர்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சிக்னல் இங்கே வரும்போது களைத்துப்போய் வரும். 40 அடி குழாய், உச்சியில் ஆன்டெனா, பூஸ்டர், இதெல்லாம் இருந்தாலும் படம் இரட்டையாக விழும். நாங்கள் அதை நிழல் விழுகிறது என்போம். நாடகம் ஓடும்போது நிழல் தெரியாது, முகம் அசைந்துகொண்டே இருக்கும். நிகழ்ச்சி தொடங்கும் முன் லோகோ வருமே, அதுதான் எங்கள் நேரம். ஓரம் கூர்மையான இரண்டு வளைவு, நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் வெறும் இடம். நிழல் எத்தனை, எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி விழுகிறது என்று அப்படியே தெரியும். நான் மாடியில் குழாயைத் திருப்புவேன். கீழேயிருந்து வீட்டுக்காரர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போச்சு, திரும்ப வா" என்பார். வட்டம் ஒற்றையாக வந்து நின்றால் என் வேலை முடிந்தது. அந்த லோகோ ஓடும் நேரத்தில் எத்தனை வீட்டு ஆன்டெனாவை நிறுத்தியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

கேசட்டில் அந்த லோகோ நிழலோடு பதிவாகியிருந்தால், அன்றைக்குக் கடலூரில் சிக்னல் எப்படி விழுந்தது என்பதற்கு அதைவிடச் சுத்தமான ஆதாரம் இல்லை. சுத்தமான லோகோவை இணையத்தில் யாரும் எடுக்கலாம். நிழல் விழுந்த லோகோ உங்கள் மாடியில்தான் இருக்கிறது, கெடிலக்கரை.

முத்தியால்பேட்டை | ஞாயிறு, பகல் 12.45

ஐயா, இதை நீங்கள் எங்கள் மாணவர்களிடம் வந்து சொல்ல வேண்டும். இத்தனை வருடம் அந்த வடிவத்தைப் பாடமாக நடத்தியிருக்கிறேன், இந்தக் கோணம் எனக்குத் தெரியவே தெரியாது.

வில்லியனூர் தம்பிக்கு: மயில் விளம்பரம்தான், முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன கதையையே திரும்பப் படியுங்கள். 1956-ல் ஒரு தெருவில் யார் வீட்டில் கலர், யார் வீட்டில் சாம்பல் என்பதை அந்தச் சில விநாடி காட்டுகிறது. விளம்பரம் என்பதாலேயே அது அந்தக் காலத்தின் ஆசையை மறைக்காமல் சொல்கிறது.

எழுத்தில் இருந்தால் போதாதா என்று கேட்டீர்கள். எப்படிச் செய்தார்கள் என்பது எழுத்தில் வராது. லீ ஹாரிசன் என்பவர் டென்வரில் உருவாக்கிய ஸ்கேனிமேட் என்று ஒரு யந்திரம். 1970-களின் அமெரிக்க டிவி லோகோக்களில் எழுத்துகள் ஒளியோடு நீண்டு, நெளிந்து, வழுக்கி வருகிறதே, அதில் ஏராளம் இந்த யந்திரத்தின் வேலை. இன்றைய அர்த்தத்தில் கணினியே கிடையாது, முழுக்க அனலாக். கறுப்பு வெள்ளை ஓவியத்தைக் கேமரா முன் வைத்து, ஒயர்களை மாற்றிச் செருகி, குமிழ்களைத் திருகித் திருகி, கண்முன்னே நேரடியாக அசைப்பார்கள். அது அப்படியே டேப்பில் பதிவாகும். கோப்பு என்று எதுவும் மிஞ்சாது. அந்தக் கை அன்றைக்குத் திருகிய திருகல் டேப்பில் மட்டும்தான். உலகத்திலேயே அந்த யந்திரம் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் மேல்தான் செய்யப்பட்டது. பிரிட்டனில் 1982-ல் சேனல் 4 தொடங்கியபோது, வண்ணக் கட்டைகள் பறந்து வந்து 4 ஆகச் சேரும் லோகோவைச் செய்ய உள்நாட்டில் வசதி போதாமல், மார்ட்டின் லாம்பி-நேர்ன் லாஸ் ஏஞ்சலஸ் வரை போகவேண்டியிருந்தது.

வேலை செய்தவர்களின் பெயர் ஓடட்டும் என்கிறீர்களே, அதில் நான் உங்கள் கட்சி. ஆனால் குமிழ் திருகியவர் பெயர் அந்த எழுத்தோட்டத்தில் வராது தம்பி. லோகோ செய்தவருக்கு எந்தத் தொடரிலும் பெயர் போடுவதில்லை. அவர் கையெழுத்து அந்த ஐந்து விநாடி மட்டும்தான். அதையும் வெட்டினால் அந்தத் தொழிலாளி முழுவதுமாகப் போய்விடுவார்.

ஒரு சொந்தக் கதை. பிரான்சில் இருந்த என் சித்தப்பா 1982 வாக்கில் ஒரு கேசட் அனுப்பினார், அங்கே ஆன்டென் 2 சேனலில் பதிவு செய்தது. பிரான்சில் கலர் ஒளிபரப்புக்கு சீக்காம் (SECAM) முறை, நம் ஊர்ப் பெட்டியும் வீசிஆரும் பால் (PAL) முறை. அதனால் இங்கே போட்டால் கலர் வராது, கறுப்பு வெள்ளைதான். புதுச்சேரியில் பிரான்ஸ் சொந்தம் உள்ள வீடுகளில் இந்த ஏமாற்றம் பலருக்குத் தெரியும். அந்தக் கேசட்டில் நிகழ்ச்சி என்ன என்பது எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. ஆனால் நடுவில் ஒரு இடம். தொப்பி வைத்த மனிதர்கள் கூட்டமாக வானத்தில் மெதுவாகப் பறக்கிறார்கள், மேலங்கி படபடக்கிறது, ஒரு சோகமான இசை. சேனலின் தொடக்க முடிவுப் படம் அது. வரைந்தவர் பெல்ஜியத்து ஓவியர் ஃபோலோன், இசை மிஷேல் கொலம்பியே என்று கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொண்டேன். முதன்முதலாகக் கலரில் பார்த்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அன்று அழுதேன். நான் வரையப் படிக்கப் போனதே அந்தச் சாம்பல் மனிதர்களால்தான்.

வில்லியனூர்வாசி | ஞாயிறு, மாலை 4.20

அக்கா, பெயரில்லாத தொழிலாளி என்ற இடத்தில் என்னை நிறுத்திவிட்டீர்கள். அதை யோசித்தேன். சரி, கையால் செய்த காலத்து லோகோக்களுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தமிழ்த் தொடர்களின் விஷயத்தில் என் கேள்வி அப்படியே நிற்கிறது. எம்டிஎம் என்ற அமெரிக்க டிவி கம்பெனி 1969-ல் மேரி டைலர் மூரும் கிராண்ட் டிங்கரும் தொடங்கியது. எம்ஜிஎம் சிங்கத்தைப் போல வட்டத்துக்குள் ஒரு பூனைக்குட்டி மியாவ் என்னும். போலீஸ் தொடர் என்றால் பூனைக்குப் போலீஸ் தொப்பி. மருத்துவமனைத் தொடர் என்றால் அறுவை சிகிச்சை முகமூடி. 1988-ல் அந்த மருத்துவமனைத் தொடர் முடிந்தபோது, கடைசி அத்தியாயத்தில் பூனை படுத்துக்கிடக்க, இதயத்துடிப்புக் கோடு நேராகிவிடும். அங்கே லோகோ கதையோடு பேசியது. ஆகவே அது படைப்பு. நம் தொடர்களில் அப்படி ஒன்றைக் காட்டுங்கள். ஒரு தங்க எழுத்து சுழலும், பின்னால் ஒரு ஒளிக்கீற்று, முடிந்தது. பதினைந்து கம்பெனிக்கும் அதே ஒளிக்கீற்று.

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 8.50

எல்லோரும் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பகல் முழுவதும் 1990-களின் கடைசியில் பதிவு செய்த எட்டு கேசட்டை, லோகோவை மட்டும் கவனித்துப் போட்டுப் பார்த்தேன்.

வில்லியனூர் தம்பி, தங்க எழுத்து சுழல்வது உண்மைதான், ஒளிக்கீற்றும் உண்மைதான். ஆனால் தமிழ் டிவிக்கு மரபே இல்லை என்று சொன்னீர்களே, அதை நான் ஏற்கமாட்டேன். பாலசந்தர் சினிமாவுக்கு கவிதாலயா பெயரை வைத்தார். டிவிக்கு மின் பிம்பங்கள் என்று தனிப் பெயர். மர்மதேசம் வந்தது அந்தப் பெயரில்தான். டிவி வேறு வீடு, அதற்கு வேறு வாசல் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். என் மனைவி அந்தத் தொடருக்குச் சமையலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். பேரைப் பார்த்ததுமே வாசல் கதவைச் சாத்தச் சொல்வாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அன்றைக்குச் சன் டிவியில் பல தொடர்களுக்கு நேரத்தைத் தயாரிப்பாளர்தான் பணம் கட்டி வாங்குவார். விளம்பரத்தையும் அவரே பிடிப்பார். லாபமும் நஷ்டமும் அவர் தலையில். ராதிகாவின் ராடான் அப்படி வளர்ந்த கம்பெனிதான். ஆகவே அவருடைய சித்தி தொடருக்கு முன்னால் ராடான் பெயர் வரும்போது, இந்த அரை மணி நேரம் என்னுடையது என்று சொல்வதாக அர்த்தம். இப்போது பெரும்பாலும் சேனலே பணம் போட்டு உரிமையையும் வைத்துக்கொள்கிறது. தயாரிப்பாளர் லோகோ சுருங்கிவிட்டது, மூலையில் சேனல் லோகோ நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. முத்தியால்பேட்டை அம்மா சொன்ன வில்லங்கச் சான்றிதழ் நம் தொடருக்கும் பொருந்துகிறது.

கணக்கும் போட்டேன். ஒரு கேசட்டில் அதிகபட்சம் 20 லோகோ, ஒன்று 10 விநாடி என்று வைத்தாலும் 200 விநாடி. 140 கேசட்டுக்கு 28,000 விநாடி, எட்டு மணி நேரம்கூட இல்லை. மொத்தப் பதிவு 420 மணி நேரம். இரண்டு சதவீதத்தை மிச்சம் பிடிக்கவா இத்தனை நாள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன்?

வெட்டாத முழுப் பதிவு ஒன்று வைக்கிறேன். தங்கை மகனுக்கும் வீட்டில் பார்க்கிறவர்களுக்கும் வெட்டிய பிரதி ஒன்று. முன்பு வெட்டிய ஆறின் மூலக் கேசட்டும் இருக்கிறது, திரும்ப ஓட்டுவேன். ஓடும் எழுத்துகளையும் தொடமாட்டேன், வில்லியனூர் தம்பிக்கு வாக்கு.

வில்லியனூர்வாசி | ஞாயிறு, இரவு 9.15

நன்றி அண்ணே. முழுப் பதிவு வைக்கும்போது ஓடும் எழுத்துகள் உள்ள இடத்தின் நிமிடக் கணக்கைத் தனியாகக் குறித்து வையுங்கள். பெயர்களைப் பார்த்துத் தட்டச்சு செய்ய நான் வருகிறேன். லோகோ பட்டியலை முத்தியால்பேட்டை அக்கா பார்த்துக்கொள்ளட்டும். பிற்காலத்து ஒளிக்கீற்று லோகோக்களைப் படைப்பு என்று என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை, அது அப்படியே இருக்கட்டும்.

கெடிலக்கரை | ஞாயிறு, இரவு 9.50

ஒரு உதவி. இன்று போட்ட எட்டில் ஐந்தாவது கேசட், தூர்தர்ஷன் நாடகம் ஒன்று. முடிவில் நாலு விநாடி மட்டும் ஒரு முத்திரை வருகிறது. குத்துவிளக்கா, தாமரை மொட்டா என்று தெரியவில்லை. கீழே தமிழில் பெயர். படிக்கப் போகும்போது திரையின் அடியில் பட்டைபட்டையாகக் கோடு ஓடி எழுத்தை மறைக்கிறது. கடைசி எழுத்து மட்டும் 'ஸ்' போலத் தெரிகிறது. ட்ராக்கிங் குமிழை இரண்டு பக்கமும் திருகிப் பார்த்துவிட்டேன்.

உப்பளம் டிவி மெக்கானிக் | ஞாயிறு, இரவு 10.10

இனிமேல் அந்த இடத்தை ஓட்டாதீர்கள், நிறுத்தியும் பார்க்காதீர்கள். ஈரம் பட்ட டேப், வீசிஆருக்குள் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் உரசி உரசிக் காந்தப்பூச்சு உதிர்ந்துவிடும். முதலில் ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தோல் துண்டால் துடையுங்கள். பஞ்சு வேண்டாம், நூல் மாட்டும். துண்டைப் பிடித்துக்கொண்டு, ஹெட் பொருத்திய டிரம்மைக் கையால் சுற்றுங்கள், மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காய்ந்த பிறகு வேறு ஒரு வீசிஆரில் போட வேண்டும். ஒன்றில் வரும் கோடு இன்னொன்றில் வராமலும் போகும். என்னிடம் நல்ல ஹெட் உள்ள பெட்டி இரண்டு இருக்கிறது. அடுத்த ஞாயிறு காலையில் கேசட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள், பஸ் என்ஜின் பக்கம் வைக்க வேண்டாம்.

முத்தியால்பேட்டை | ஞாயிறு, இரவு 10.25

நானும் வருகிறேன். குத்துவிளக்கா தாமரையா என்று அங்கேயே வரைந்து பார்த்துவிடலாம்.